பாதாள சாக்கடை எங்கள் தெருவுக்கு வந்தபோது

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் இடம் ஊராட்சி. சென்னைக்குத் தெற்கே, வேளச்சேரி தாண்டி ஏரிக்கரையை ஒட்டின மனைப்பிரிவு, எதிரே வயல். 2011ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை மாநகராட்சியில் சேர்த்தார்கள், 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை 426 ஆனது, எங்கள் முகவரியும் மாறியது. ஆனால் குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்க உப்புப் போர் தண்ணீர், கழிவுக்குச் செப்டிக் டேங்க் என்று பல வருடம் அப்படியேதான் ஓடியது.

ஏரிக்கரையில் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டிக்குள் ஊறும். காசு கொடுத்து லாரியை வரவழைத்து எடுத்தால் நாலாம் நாள் மறுபடி நிரம்பிவிடும். எங்கள் போருக்கும் தொட்டிக்கும் இடையே இருபது அடிகூட இல்லை, அந்தத் தண்ணீரில்தான் என் பிள்ளைகள் குளித்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், குழாய்த் தண்ணீர் வருகிறது என்று யாராவது சொன்னால் சாக்கடை எப்போது என்று அதே கூட்டத்தில் கேளுங்கள். கிராமக் குழாய் இணைப்புத் திட்டத்தில் ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர், அது இல்லாத ஊருக்கு 70. விதியே இப்படிச் சேர்த்துத்தான் யோசித்திருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்குள் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு அழுக்காகி வெளியே போயாக வேண்டும். எங்களுக்குத் தண்ணீர்தான் முதலில் வந்தது. வந்த ஆறே மாதத்தில் தெருவோரம் முழுக்கச் சோப்பு நுரை, காலி மனையெல்லாம் குட்டை, கொசு.

அப்புறம் சாக்கடைக்குத் தோண்டினார்கள். ஈரமண் என்பதால் பள்ளத்தில் ஊறுகிற நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, பக்கவாட்டு மண் சரிந்து சரிந்து விழுந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தெருவில் வண்டி எடுக்க முடியவில்லை. என் அம்மாவைப் பிரதான சாலை வரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனோம். இது தப்பு. மழைக்கு முன் மூட முடியாத பள்ளத்தைப் புரட்டாசியில் தோண்டவே கூடாது.

இணைப்பு எடுக்கும்போது இன்னொரு சிக்கல். கழிப்பறையும் தொட்டியும் பின்பக்கம், மெயின் லைன் முன்பக்கம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் ரோடு உயர, எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. வாட்டம் கிடைக்காமல் பக்கத்துச் சந்துத் தரை முழுவதையும் உடைத்தோம்.

—

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையைப் படித்ததும் எங்கள் ஊர் ஞாபகம்தான். கோவையில், அதே 2011ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி எங்களது. எங்களுக்கு ஈரமண் இல்லை, பாறை. வெடி வைக்க முடியாது, சுற்றிலும் வீடு, அதனால் நாள் முழுக்க மெஷின் வைத்து உடைத்துக்கொண்டே இருந்தார்கள், சில நாள் பத்தடிகூட நகரவில்லை. ஆனால் இணைப்பு வந்த அன்று, தொட்டி லாரிக்குப் போன் செய்ய வேண்டாம் என்று என் மாமியார் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொட்டியை முழுவதும் எடுத்துச் சுத்தம் செய்து மண் போட்டு மூடிவிட்டோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சுத்தம் செய்கிறேன் என்று யாராவது உள்ளே இறங்க வந்தால் விடாதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், உள்ளே இருக்கிற வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மெஷின் வராவிட்டால் காத்திருங்கள்.

—

நான் பிளம்பிங் வேலை செய்கிறவன், பார்த்ததைச் சொல்கிறேன். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடை சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேர்கிற மூடி போட்ட சின்னத் தொட்டியில், கொடுக்கச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள், வாசலில் தண்ணீர் தேங்காது என்று. செய்து தர மாட்டேன். அந்தக் குழாய் வீட்டுக் கழிவுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பதித்தது. பத்து வீட்டு மழைநீர் அதில் இறங்கினால் பம்பிங் ஸ்டேஷன் தாங்காது, எதிர்த்து வந்து தாழ்வான வீட்டுக் கழிப்பறையில்தான் பொங்கும். போன மழையில் ஒரு வீட்டில் நள்ளிரவில் அதை வாளியில் அள்ளிக் கொட்டினோம், அந்தப் பாட்டி கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தார். முதல் பதிவு போட்ட சார், உங்கள் வீடும் ரோட்டைவிடத் தாழ்வு என்கிறீர்கள். கடைசி சேம்பரில் எதிர்நீர் தடுக்கிற வால்வு ஒன்று இந்த ஐப்பசிக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.