ராணிப்பேட்டை ஃபேக்டரி சர்வர் ரூமுக்கு ஜாபிக்ஸா, ப்ரோமிதியஸா?

சிப்காட்_அட்மின்: தோல் ஃபேக்டரி. ராணிப்பேட்டை மெயின், வாணியம்பாடி கிளை. சுவிட்ச், யூபிஎஸ், 6 லினக்ஸ் சர்வர்னு மொத்தம் 40 டிவைஸ். மானிட்டரிங்குக்கு 4 ஜிபி ரேம், 100 ஜிபி டிஸ்க், உபுண்டு. ஜாபிக்ஸ், ப்ரோமிதியஸ்னு ரெண்டு மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல எதைப் போடலாம்?

பாலாறு: ஜாபிக்ஸ். முக்கால்வாசி எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியா டிவைஸ் நிலவரத்தைக் கேட்கிற முறை) பெட்டிங்க, அதுக்கான டெம்ப்ளேட் ரெடியா இருக்கு. டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல்னா, அதுல ஸ்கீமா (டேபிள் அமைப்பு) ஏத்துறதுக்கு முன்னாடி லாக்_பின்_டிரஸ்ட்_ஃபங்ஷன்_கிரியேட்டர்ஸ்ங்கிற செட்டிங்கை 1 ஆக்குங்க, முடிஞ்சதும் 0. விட்டா டேட்டாபேஸ் ட்ரிக்கர் உருவாக்குற இடத்துல சூப்பர் பிரிவிலேஜ் (அட்மின் உரிமை) கேட்டு நடுவுல நின்னுடும்.

கோட்டை_அகழி: 40 டிவைஸுக்கு ஒரு மைஎஸ்க்யூஎல்லைக் கட்டி மேய்க்கணுமா? டிவைஸுக்கு 50 ஐட்டம் (அளக்குற விஷயம்), நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு 28.8 லட்சம் மதிப்பு. ஜாபிக்ஸ்ல ஒண்ணுக்குச் சுமார் 90 பைட், ஒரு நாளைக்கு 260 எம்பி. ப்ரோமிதியஸ்ல 1–2 பைட், 6 எம்பிக்குள்ள அடங்கிடும். ஒரே பைனரி, போர்ட் 9090. லினக்ஸ் சர்வர்ல அளவுகளை எடுத்துக் கொடுக்குற நோட் எக்ஸ்போர்ட்டர், போர்ட் 9100. முடிஞ்சுது.

பாலாறு: எங்க சார் முடிஞ்சுது? யூபிஎஸ்ஸுக்கு எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் தனி, அதுக்கு எம்ஐபியை (டிவைஸ்ல என்னென்ன கேட்கலாம்ங்கிற பட்டியல் ஃபைல்) வச்சு கான்ஃபிக் ஜெனரேட் பண்ணணும். எச்சரிக்கை அனுப்ப அலர்ட்மேனேஜர் தனி, கிராஃப் காட்ட கிராஃபானா தனி. 100 ஜிபி டிஸ்க்ல மாசம் 8 ஜிபி ஒரு பிரச்சினையா?

கோட்டை_அகழி: பழைய டேட்டா டெலீட் ஆனாலும் மைஎஸ்க்யூஎல்லோட இன்னோடிபி ஃபைல் சுருங்காது. பஃபர் பூலை (டேட்டாபேஸுக்கு ஒதுக்குற ரேம்) டிஃபால்ட் 128 எம்பியிலயே விட்டா பழசை அழிக்கிற ஹவுஸ்கீப்பர் திணறும்.

பாலாறு: காலியான இடத்தை அதே டேபிள் திரும்ப எடுத்துக்கும். பஃபர் பூலை 1 ஜிபி ஆக்குங்க, தீர்ந்தது. நிஜமான சிக்கல் வாணியம்பாடி. லைன் 3 மணி நேரம் அறுந்தா ப்ரோமிதியஸ் கிராஃப்ல அந்த 3 மணி நேரமும் ஓட்டைதான். அங்க எஸ்க்யூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸோட ஒரு ஜாபிக்ஸ் ப்ராக்ஸி போட்டா கிளை டேட்டாவைச் சேர்த்து வச்சு லைன் வந்ததும் அனுப்பும். ஆனா ப்ராக்ஸிஆஃப்லைன்பஃபர் டிஃபால்ட் 1 மணி நேரம்தான், 24 ஆக்கணும். பல பேர் கோட்டை விடுற இடம் இது.

கோட்டை_அகழி: கிளையிலயே ஒரு ப்ரோமிதியஸ் வையுங்க, கிராஃபானா ரெண்டையும் காட்டும். மெயினுக்கு டேட்டாவை அனுப்புற ரிமோட் ரைட்டை நம்ப வேணாம். எதிர்முனை 2 மணி நேரத்துக்கு மேல கிடைக்கலைன்னா அனுப்பாத டேட்டா போயிடும்.

ஆம்பூர்_லினக்ஸ்: ரெண்டு பேரும் சண்டையில மறந்துட்டீங்க. கரண்ட் போனா மோடமும் படுத்துடும், மெயிலும் போகாது டெலிகிராமும் போகாது. மோடம், கோர் சுவிட்ச் ரெண்டையும் அதே யூபிஎஸ்ல மாட்டுங்க. மானிட்டரிங் சர்வரே விழுந்தா சொல்ல வெளியில ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) பிங் பண்ணட்டும். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துல ஏசி நின்னா அவகாசமே கிடைக்காது, ரூம் டெம்பரேச்சர் 30ல எச்சரிக்கை வையுங்க. அலர்ட் அணையற ரிகவரி அளவு 27. இல்லேன்னா 29.9க்கும் 30.1க்கும் ஆடுற ஆட்டத்துல ராத்திரி பூரா மெசேஜ் கொட்டும்.

கோட்டை_அகழி: ப்ரோமிதியஸ் அலர்ட் ரூல்ல 'ஃபார்' 5 நிமிஷம் போட்டா போதுமே.

பாலாறு: அது அலர்ட் கிளம்புறதைத்தான் தள்ளிப்போடும், அணையறதை இல்லை. அதுக்கு 'கீப்_ஃபயரிங்_ஃபார்' வேணும், ப்ரோமிதியஸ் 2.42லேருந்துதான் இருக்கு. உபுண்டு 22.04 ரெப்போல கிடைக்கிறது அதுக்கு முந்தினது. அந்த வரி இருந்தா ரூல் ஃபைலே லோட் ஆகாது.