பால்கனி கறிவேப்பிலையில் புழு: குழந்தையோடு வளர்த்துப் பார்க்கலாமா?

மூன்றாம்மாடி:
சென்னையில் அடுக்குமாடி வீடு. தொட்டியில் மூணடி கறிவேப்பிலைச் செடி. இலைமேல பறவை எச்சம் மாதிரி அஞ்சு புழு இருக்கு. ஆறு வயசுப் பொண்ணுக்குப் பட்டாம்பூச்சி ஆகிறவரைக்கும் காட்டணும். டப்பாவில் வளருமா? தொட்டா அரிக்குமா?

இலைப்புழு:
தாராளமா வளரும். எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழுவா இருக்கும். முடி கிடையாது, அதனால அரிக்காது. சீண்டினா தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவந்த கொம்பு நீளும், ஒரு நெடி அடிக்கும். ஒருமுறை காட்டினா போதும். ஆனா முருங்கையில் கூட்டமா ஒட்டியிருக்கிற கம்பளிப்பூச்சி வேற. அதைத் தொடவே விடாதீங்க.

அகலமான டப்பா எடுத்து, மூடிக்குப் பதிலா வேட்டித் துணியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. அடியில் செய்தித்தாள். தினமும் காலையில் எச்சத்தைக் கொட்டிட்டுத் தாளை மாத்தணும். ஈரம் தங்கினா பூஞ்சை பிடிச்சுப் புழு செத்துடும். இலையைக் கழுவினா நல்லா துடைச்சுட்டுப் போடுங்க. புழுவை விரலால் பிய்க்கக் கூடாது. அது உட்கார்ந்திருக்கிற இலையோட நறுக்கி புது இலைமேல வைங்க. சாப்பிடாம அசையாம கிடந்தா தோலுரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்போ தொந்தரவு செய்யாதீங்க. நாலு தடவை உரிக்கும். நாலாவது முடிஞ்சதும் எச்ச நிறம் போய்ப் பச்சையாகிடும். குழந்தை அசந்து போகிற இடம் அதுதான்.

மாடித்தோட்டம்:
இலைக் கணக்கையும் பாருங்க. கடைசிக் கட்டத்தில்தான் அசுரத்தனமா தின்னும். அஞ்சு புழுவுக்கு மூணடிச் செடி மொட்டையாகிடும். ரெண்டை வெச்சுக்கிட்டு மத்ததை எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எதிலாவது விடுங்க. கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம்; மருந்தடிச்சிருந்தா புழு பச்சையா கக்கிச் சுருண்டுடும். வேப்பெண்ணெய் தெளிச்ச செடியும் ஆகாது.

அடுத்த தடவை முட்டையிலிருந்தே தொடங்குங்க. கொழுந்து இலையில் கடுகைவிடச் சின்னதா, வெளிர் மஞ்சளா, உருண்டையா இருக்கும். ஏன்னா, வெளியே வளர்ந்த புழுவுக்குள்ள ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டிருக்கலாம். கூட்டுப்புழுவில் ஓட்டை போட்டுக் குளவி வரும். அப்படி வந்தாலும் மறைக்காம குழந்தைக்குக் காட்டுங்க. அதுவும் இயற்கைதானே.

மூன்றாம்மாடி:
நன்றி! கூட்டுப்புழு ஆகும்போது என்ன செய்யணும்?

இலைப்புழு:
அதுக்கு முன்னால தண்ணியா ஒருமுறை கழிஞ்சுட்டு, டப்பா முழுக்கச் சுத்தும். நோய்னு பயப்பட வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பான குச்சியைச் சாய்ச்சு வைங்க. இடுப்பில் நூல் கட்டித் தொங்கும். வெயில் படாம வைங்க. கீழே விழுந்துட்டா, காகிதத்தைக் கூம்பா சுருட்டி வால் கீழே இருக்கிற மாதிரி உள்ளே வைங்க. பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் ஏறித் தொங்க ஒரு பிடி வேணும். இடம் போதலேன்னா இறக்கை மடங்கியே காய்ஞ்சு போய் பறக்க முடியாது.

கூட்டுப்புழு பட்டாம்பூச்சியாக நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து நாள் ஆகும், முன்னே பின்னே இருக்கலாம். கூடு கறுத்து இறக்கைக் கோலம் தெரிஞ்சா மறுநாள் காலையில் பார்த்துக்கிட்டே இருங்க. வந்ததும் சொட்டுகிற கலங்கலான நீர் ரத்தம் இல்லைன்னு பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ரெண்டு மணி நேரம் இறக்கை உலரட்டும், அப்புறம் துணியை எடுத்துடலாம். பின்னிறக்கையில் வால் இருந்தா கறிவேப்பிலை அழகி, இல்லேன்னா எலுமிச்சை அழகி.

மாடித்தோட்டம்:
இது முடிஞ்சா காலி மனையில் எருக்கு இலையைப் புரட்டிப் பாருங்க, வெந்தய வரியன்கிற பட்டாம்பூச்சியோட புழு கிடைக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டா ஆபத்து. இலையை நீங்களே பறிச்சு, பால் வடிஞ்சப்புறம் டப்பாவில் போடுங்க.