கவுன்சிலிங்: ஆன்லைனா, காலேஜ் கவுன்சிலரா?

மூன்றாமாண்டு:
கொஞ்ச காலமாகவே எதிலும் மனசு ஒட்டவில்லை. விடியும்போதுதான் தூக்கம் வருகிறது, முதல் வகுப்பு போய்விடுகிறது, நண்பர்கள் கூப்பிட்டால் ஏதாவது சாக்கு. இணையத்தில் பி.எச்.க்யூ-9 என்று டிப்ரஷன் அறிகுறிகளை அளக்கும் கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்தேன், 14 மார்க் வந்தது. அப்படியென்றால் டிப்ரஷனா? காலேஜில் கவுன்சிலர் இருக்கிறார், ஆனால் அவர் அறை எங்கள் துறை அலுவலகத்துக்கு நேர் எதிரே, கதவைத் தட்டினாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆன்லைனில் பேசலாம் என்றால் ஹாஸ்டல் அறையில் இன்னும் இரண்டு பேர். இப்போதைக்கு ஏஐ சாட்பாட்டிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

உளவியல் மாணவி:
அந்தக் கேள்வித்தாள் கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது, மொத்த மார்க் 27. 10 முதல் 14 வரை மிதமான அளவு, 10-ஐத் தொட்டாலே ஒருவரைப் பார்ப்பது நல்லது. ஆனால் அதை வைத்து மட்டும் டிப்ரஷன் என்று முடிவு கட்ட முடியாது. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் சோர்வுக் கேள்வியில் மார்க் ஏறிவிடும், அதனால் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதைவிட முக்கியம், ஒன்பதாவது கேள்விக்கு என்ன போட்டீர்கள்? செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்குமே, அதற்கு 0 இல்லையென்றால் ஆப் தேடிக்கொண்டிருக்காமல் இன்றைக்கே உதவி எண்ணுக்கு அழையுங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

படிக்கட்டுவாசி:
தம்பி, நானும் ஹாஸ்டல்தான். வீடியோ கால்தான் வேண்டும் என்று யார் சொன்னது? எழுத்திலேயே பேசும் வசதி இருக்கிறதா என்று கேள். நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவேன், யாராவது மேலே ஏறி வந்தால் "அசைன்மென்ட் நாளைக்கு அனுப்புறேன்" என்பேன், அந்தப் பக்கம் இருப்பவருக்குப் புரிந்துவிடும், முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். ஆள் பயிற்சி பெற்றவரா, பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்.

சந்தேகப்பேர்வழி:
சாட்பாட்டிடம் புலம்புவது புதுசில்லை, 1966-லேயே எலைசா என்ற கணினி உரையாடல் நிரலிடம் ஜனங்கள் மனசைக் கொட்டியிருக்கிறார்கள். புலம்பலாம், ஆனால் நீ மோசமாகிக்கொண்டிருப்பதைக் கவனித்து உன்னைத் தேடி வரப்போவதில்லை. அப்புறம் ரகசியம். பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்த புகாரில், 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆன்லைன் கவுன்சிலிங் தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தை 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர்கள் கதையே இது, இலவச ஆப் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாமாண்டு:
ஒன்பதாவதுக்கு 0 தான். கவுன்சிலரிடம் போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவாரா?

உளவியல் மாணவி:
அப்பாடா. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய சொல்லக் கூடாது, பொதுவான தொழில் விதி அது. இருந்தாலும் உங்கள் காலேஜில் எப்படி, யாரிடம் எதைச் சொல்வார், குறிப்பு எங்கே இருக்கும் என்று முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அறை வாசல்தான் பிரச்சினை என்றால் மெயில் போட்டு வகுப்பு முடிந்த பிறகு நேரம் கேட்டுப் பாருங்கள்.