பொருள்: மருந்தெச்சமா, எஞ்சுமருந்தா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் மண்ணையும் நீரையும் என்ன செய்கின்றன என்று விளக்கும் கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். விலங்கின் உடலைக் கடந்து சாணத்திலும் சிறுநீரிலும் வெளிவந்து, அதன் பிறகும் மருந்தாகவே வேலை செய்கிற பொருளை நாம் இதுவரை ‘எச்சம்’ என்று எழுதி வந்திருக்கிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோழிப்பண்ணை பற்றிய பத்தியில் வாக்கியம் இப்படி வந்து விழுந்தது:

“கோழி எச்சத்தில் உள்ள எச்சம் எருவோடு வயலுக்குப் போகிறது.”

பறவையின் கழிவை எச்சம் என்பது உயிரோடு இருக்கும் வழக்கு. அதை நாம் நகர்த்த முடியாது. ‘மருந்தெச்சம்’ என்று சேர்த்து எழுதிவிடலாமே என்று ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். குழப்பம் பாதி தீரும், சரி. ஆனால் எச்சம் என்றதும் வேலை முடிந்து மீந்துபோனது என்ற எண்ணம் வருகிறது. இங்கே வேலை முடியவில்லை என்பதுதான் கட்டுரையின் உயிரே.

பாக்டீரியாவைத் தடுக்கும் சல்ஃபா வகை மருந்துகளைப் பாருங்கள். விலங்கின் உடல் அவற்றில் ஒரு பகுதியோடு அசிட்டைல் தொகுதி என்ற சிறு வேதித் துண்டை ஒட்டிச் செயலிழக்க வைத்து வெளியேற்றுகிறது. எருக்குவியலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஒட்டைக் கழற்றிவிடுகின்றன. பழைய மருந்து மறுபடி உருவாகிறது. வெளியேறிய அன்று மருந்தாக இல்லாதது சில நாள் கழித்து மருந்தாகிவிடுகிறது! இதை ‘மீந்தது’ என்று இறந்தகாலத்தில் அடைப்பது தவறான செய்தியைத் தரும்.

அதனால் என் பரிந்துரை: எஞ்சுமருந்து. சுடுநீர், ஏவுகணை போல இதுவும் வினைத்தொகை. எஞ்சிய மருந்து, எஞ்சுகின்ற மருந்து, எஞ்சும் மருந்து ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கும். வேளாண் எழுத்தில், பயிரில் தங்கிவிடும் பூச்சிக்கொல்லியை ‘எஞ்சிய நஞ்சு’ என்று பார்த்திருக்கிறேன். அந்த வேரையே எடுத்துக் காலத்தைத் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

மற்ற பரிந்துரைகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘கழிவுமருந்து’ என்றால் காலாவதியாகித் தூக்கி எறிந்த மாத்திரை நினைவுக்கு வருகிறது. ‘மருந்துப் படிவு’ டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு ஓரளவு பொருந்தும், அது களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். சல்ஃபா மருந்துகள் நீரோடு எளிதில் நகர்ந்து நிலத்தடி நீர்வரை போகக்கூடியவை. பென்சிலின் வகையோ விரைவில் சிதைந்துவிடும். எல்லாம் படிவதில்லை.

எஞ்சுமருந்து பற்றிக் குழுவில் வந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில்:

> புட்டியில் மிச்சமிருக்கும் மருந்து என்று வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டாரா?

நல்ல கேள்வி அம்மா. முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தே ஆகவேண்டும். புட்டியில் இருப்பதைப் பேச்சில் ‘மிச்ச மருந்து’ என்கிறோம், அது அப்படியே இருக்கட்டும்.

> பாலில் இருப்பதற்கு ஒரு சொல், மண்ணில் இருப்பதற்கு வேறு சொல் வைக்கலாமே?

இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கடைசி ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று காத்திருப்புக் காலம் வகுத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பால் தூய்மையாகிறது. அப்படியானால் மருந்து எங்கே போயிற்று? ஒரு பகுதி உடலுக்குள் சிதைகிறது. டெட்ராசைக்கிளின் போன்றவற்றில் பெரும்பகுதி மாறாமலே சாணத்துக்கும் சிறுநீருக்கும் போகிறது. பாலில் இருந்ததும் எருவில் இருப்பதும் ஒரே பொருள். இரண்டு சொல் வைத்தால் வாசகருக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

ஆனால் ஒரு எல்லை வேண்டும். மருந்தை எதிர்த்து நிற்கும் திறனைத் தரும் மரபணுக்களை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது. மருந்து சிதையும், மரபணுவோ பாக்டீரியாவோடு சேர்ந்து பெருகும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கொலிஸ்டின் மருந்துக்கு எதிரான, இப்படித் தாவக்கூடிய எம்சிஆர்-1 மரபணு சீனாவில் பன்றிகளிலும் மனிதர்களிலும் இருப்பதாக 2015இல் அறிவித்தார்கள். மண்ணில் எஞ்சுமருந்து அளவிட முடியாதபடி குறைந்த பிறகும் இத்தகைய மரபணுக்கள் அங்கே இருக்கலாம். இரண்டையும் எச்சம் என்றே எழுதிய சில பத்திகளைப் படித்தபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது, அவற்றில் ஒன்று நான் எழுதியது.

தீனியில் மருந்து கலக்கும் வழக்கம் தொடங்கியதும் ஒரு மீதியிலிருந்துதான். 1940களின் இறுதியில் குளோர்டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை நொதிக்கவைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதை ஸ்டோக்ஸ்டாட், ஜூக்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டார்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதும் நிறுத்தியது. கட்டுரையில் இந்தப் பகுதிக்கு ‘சக்கை’ போதும். புதுச்சொல் வேண்டாம்.

அப்புறம் எழுத்து பற்றி. வினைத்தொகையில் வலி மிகாது. எஞ்சுபென்சிலின், எஞ்சுடெட்ராசைக்கிளின் என்றே எழுதவேண்டும், நடுவில் ப், ட் வராது. உணவில் இவ்வளவுவரை இருக்கலாம் என்ற வரம்பைக் குறிக்க ‘எஞ்சுமருந்து வரம்பு’.

இப்போது அந்த வாக்கியம்:

“கோழி எச்சத்தில் உள்ள எஞ்சுமருந்து எருவோடு வயலுக்குப் போகிறது.”

இதைவிடப் பொருந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் இதே வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை கட்டுரையைத் திறந்தே வைத்திருக்கிறேன்.