10 ஹெச்பி பிஸ்டன் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு மாறலாமா?

கேள்வி:
கோவையில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் மூலம் ஓடும் மில்லிங் மெஷின்), இரண்டு சிஎன்சி லேத். 10 ஹெச்பி டூ ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரஸர், 500 லிட்டர் டேங்க், ஆறு வருடப் பழசு. முன்பெல்லாம் கொஞ்சம் ஓடும், நிற்கும். இப்போது நிற்பதே இல்லை. மதியத்துக்கு மேல் பிரஷர் 5 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு) கீழே இறங்கி மெஷின் அலாரம் அடிக்கிறது. ஹெட்டில் கை வைக்க முடியவில்லை. டீலர் 15 ஹெச்பி ஸ்க்ரூ (பிஸ்டனுக்குப் பதில் இரண்டு திருகுகள் சுழன்று காற்றை அழுத்தும் வகை) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்:
ஹெட் சூடு பிஸ்டனில் சகஜம், அதை விடுங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. டேங்கைக் காலி செய்து, அவுட்லெட் வால்வை மூடி, 0-வில் இருந்து 7 கிலோ ஏற எத்தனை நிமிடம் என்று பாருங்க. அப்புறம் வால்வைத் திறந்து, மெஷின் எல்லாம் நிறுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறியுங்க.

கேட்டவர்:
பார்த்தேன் சார். ஏற 5 நிமிடம். யாருமே காற்று எடுக்காதபோது 2 நிமிடம் ஓடி 4 நிமிடம் நிற்கிறது.

பதில்:
அங்கேதான் பிரச்சினை. நல்ல 10 ஹெச்பி பிஸ்டன் சுமார் 35 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) தரும், மூன்றரை நிமிடத்தில் ஏறியிருக்கணும். உங்களுடையது 25 சிஎஃப்எம்தான் தருகிறது. அதிலும், 6 நிமிடத்தில் 2 நிமிடம் சும்மாவே ஓடுவதால், மூன்றில் ஒரு பங்கு லீக். மெஷினுக்குப் போவது 17 சிஎஃப்எம்கூட இல்லை! ஹெட்டில் காற்றை உள்ளே, வெளியே விடும் வால்வ் பிளேட்டைக் கழற்றிப் பாருங்க, கரி பிடித்திருக்கும். லீக்குக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னொருவர்:
ஸ்க்ரூ மோசமில்லை, நாள் முழுக்க ஓட அதுதான் ஏற்றது. பிஸ்டனுக்கு நூற்றுக்கு 60, 70 நேரத்துக்கு மேல் ஓட்டம் ஆகாது. ஆனால் உங்கள் தேவைக்கு 15 ஹெச்பி பெரிசு. சாதாரண ஸ்க்ரூ அன்லோடில் (காற்று தராமல் சும்மா) சுற்றும்போதும் முழு லோடு கரண்டில் கால் பங்குக்கு மேல் இழுக்கும். ஆயில் சூடேறாமல் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகிவிடும். எங்கள் பட்டறையில் அப்படித்தான் ஒரு ஆயில் செலவு வீணானது.

கேட்டவர்:
வால்வ் பிளேட் மாற்றியாச்சு, இப்போது 3 நிமிடம் 40 நொடி. லீக் இரண்டு ட்யூப் ஃபிட்டிங்கிலும் ஒரு எஃப்ஆர்எல் (காற்றை வடிகட்டி, பிரஷரைச் சீராக்கி, ஆயில் சேர்க்கும் அமைப்பு) கிண்ணத்திலும் இருந்தது. அலாரம் இல்லை, கம்ப்ரஸர் நடுவில் நிற்கவும் செய்கிறது. தீபாவளிக்கு அப்புறம் இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கினால் 10 ஹெச்பி ஸ்க்ரூவுக்கு விலை கேட்டுக்கொண்டு வருகிறேன்.