மலையேறினால் ரீடிங் மாறும்: மெடிக்கல் பிசிக்ஸ் (மருத்துவ இயற்பியல்) படித்தவர்களின் அனுபவங்கள்

குன்னூர்க்காரி:
எம்.எஸ்சி. முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருந்த நேரம். ஊட்டியில் ஒரு எக்ஸ்ரே மெஷினுக்கு க்யூஏ, அதாவது தரப் பரிசோதனை. கதிரை அளக்கும் சேம்பரில் ரீடிங் எடுத்தாச்சு. அதற்குள் இருப்பது வெளிக்காற்று; அழுத்தமும் வெப்பமும் மாறினால் ரீடிங்கும் மாறும், அதனால் திருத்தத்துக்குக் காற்றழுத்தம் வேண்டும். கூட வந்தவன் போனில் வானிலை ஆப்பைப் பார்த்து "1015 அண்ணா" என்றான். சீனியர் அண்ணா பேனாவைக் கீழே வைத்தார். "அது கடல்மட்டத்துக்கு மாத்திப் போட்ட கணக்குடா. நாம நிக்கிறது 2200 மீட்டர் உயரத்துல." பையிலிருந்து எடுத்த பாரோமீட்டர் 776 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. 15 டிகிரி குளிரையும் சேர்த்தால் ரீடிங்கைப் பெருக்க வேண்டிய திருத்தம் 1.28, ஆப்பை நம்பினால் 0.98. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். இதுவே புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் ரேடியோதெரபி மெஷினாக இருந்தால், கதிர் குறைவாக வருவதாக நினைத்து நோயாளிக்கு 30 சதவீதம் கூடுதல் டோஸ் கொடுத்திருப்போம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பண்ணைக்காட்டான்:
எக்ஸ்ரேக்கு எதற்கு இந்தப் பாடு? காற்றுக்குப் பதில் குறைகடத்தியால் அளக்கும் சாலிட் ஸ்டேட் டிடெக்டருக்கு அழுத்தத் திருத்தமே கிடையாது.
என்னை உறுத்துவது வேறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில், சுற்றியுள்ள கதிரைக் காட்டும் சர்வே மீட்டரை ஓடவிட்டு வைத்திருந்தேன். உயரம் கூடக் கூட விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கூடும், அந்த எண் ஏறுவதைப் பார்க்க ஆசை. பக்கத்தில் ஒரு பாட்டி, மதுரையில் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர். எண் ஏறியதும் தள்ளி உட்கார்ந்தார். "என் உடம்புல இருந்து வருதா தம்பி?" பேரனைத் தூக்கியே பல வாரமாம். கதிர் கொடுக்கும் லினாக் மெஷினை நிறுத்தியதுமே கதிர் முடிந்தது, உடம்பில் எதுவும் தங்காது. கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் போன்றவர்களைத்தான் ஒதுங்கி இருக்கச் சொல்வார்கள். இத்தனை நாளில் ஒருவர்கூட அவரிடம் இதைச் சொல்லவில்லை! நோயாளியிடம் பேசுவதற்கு நம் படிப்பில் ஒரு பேப்பர் வைக்க வேண்டும்.

கோத்தகிரி மூத்தவர்:
தம்பி, எல்லா ஊரிலுமா சாலிட் ஸ்டேட் வாங்கி வைத்திருக்கிறார்கள்? குன்னூர்க்காரி சொன்னதுதான் சரி. கார் டிக்கியில் குளிர்ந்துபோன சேம்பர் அறை வெப்பத்துக்கு வருவதற்குள் ரீடிங் எடுக்கச் சொல்லி என்னை அவசரப்படுத்தினார்கள். மறுத்துவிட்டேன்.
அப்புறம், இந்தப் படிப்புக்கு வர நினைக்கும் மலைப் பிள்ளைகளுக்கு. முதலில் பி.எஸ்சி. பிசிக்ஸ் ஒழுங்காக முடியுங்கள். அதன்பின் அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம் மாதிரி இடத்தில் மெடிக்கல் பிசிக்ஸ் எம்.எஸ்சி. படிக்கலாம்; இல்லையென்றால் பிசிக்ஸ் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் (BARC) டிப்ளமோ. சேரும் முன்பே 12 மாத இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுத்தில் கேளுங்கள். ரேடியோதெரபி வசதி உள்ள இடமாக இருக்க வேண்டும். அந்த இன்டர்ன்ஷிப் இல்லாமல் ஆர்எஸ்ஓ (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி) பரீட்சைப் பக்கம் போக முடியாது. முடித்தவர்கள் சொந்தமாக ஒரு பாரோமீட்டர் வாங்குங்கள், அவ்வப்போது நல்ல ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.