கார்பூலிங்: ‘வழித்துணைப் பயணம்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘கார்பூலிங்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு மகிழுந்துப் பகிர்வு, கூட்டுப்பயணம், பகிர்பயணம் என்று இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் யார் வண்டி, யாருடைய பயணம், காசு எதற்காகக் கைமாறுகிறது என்பது மூன்றிலுமே தெரியவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் பெங்களூரில் ரயில் எல்லாம் காத்திருப்போர் பட்டியல், ஆம்னி பஸ் கட்டணம் எங்கேயோ போய் நிற்கிறது. மதுரைக்குத் தன் காரில் கிளம்பும் ஒருவர், பின்னால் இரண்டு இடம் காலி, எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறிக்கொள்ளலாம், சேலம் ஊருக்குள் வரமாட்டேன், சீலநாயக்கன்பட்டி பைபாஸில் இறக்கிவிடுகிறேன், பெரிய பெட்டி வேண்டாம் என்று கார்பூலிங் செயலியில் போடுகிறார். யாரும் ஏறாவிட்டாலும் அவர் போகத்தான் போகிறார். ஏறினால் டீசலுக்கும் டோலுக்கும் ஒரு பங்கு கிடைக்கும், அவ்வளவுதான். டாக்ஸியிலிருந்து இதைப் பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான், அதனால் கலைச்சொல்லும் இதைத்தான் காட்ட வேண்டும்.

இப்படி ஆள் சேர்த்துவிடும் செயலியான பிளாபிளாகார் தொடங்கிய கதையும் விடுமுறைக் கதைதான். 2003 கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக ரயிலில் இடம் கிடைக்காத பிரெடெரிக் மசெல்லா, சாலையில் ஆளில்லாத இருக்கைகளோடு ஓடும் கார்களைப் பார்த்துதான் இந்த யோசனைக்கு வந்தார். 2006-இல் பிரான்சில் நிறுவனமானது, 2015-இல் இந்தியாவுக்கு வந்தது. அதே 2015-இல் பிரெஞ்சுச் சட்டம் ‘கொவுவாத்துராஜ்’ (கார்பூலிங்குக்கான பிரெஞ்சுச் சொல்) என்ற சொல்லுக்கு வரையறை எழுதியபோது, ஓட்டுபவர் தன் சொந்தத் தேவைக்காகப் போகும் பயணமாக இருக்க வேண்டும், செலவைப் பங்கிடுவதைத் தவிர வேறு பணம் வாங்கக்கூடாது என்று இரண்டையும் சேர்த்தே எழுதியது.

நம் ஊரிலும் சிக்கல் இதே இடத்தில்தான். வெள்ளை போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது, அதற்கு மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். 2020 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், மாநில அரசு தடுக்காதவரை சொந்த வண்டியிலும் ஆள் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்து, ஊர்விட்டு ஊர் போக வாரத்துக்கு 2 பயணம் என்று வரம்பும் வைத்தன. எனவே ‘வாடகை’, ‘சவாரி’ வாடை அடிக்கிற எந்தச் சொல்லும் ஓட்டுபவரை வம்பில் மாட்டிவிடும்.

‘மகிழுந்துப் பகிர்வு’ எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. ஒரே காரைப் பலர் முறைவைத்துத் தாங்களே ஓட்டிக்கொள்ளும் சேவை தனியாக இருக்கிறது, அந்தப் பெயர் அதற்குத்தான் கச்சிதம். ‘கூட்டுப்பயணம்’ என்றால் ஆடி மாதம் வேன் பிடித்துக் குலதெய்வம் கோயிலுக்குப் போவது நினைவுக்கு வருகிறது. ‘பகிர்பயணம்’ பரவாயில்லை, ஆனால் ஷேர் ஆட்டோவும் அதற்குள் வந்துவிடும். அப்புறம், ‘பகிர்’ என்ற வினையை வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு அடித்துத் துவைத்துவிட்டோம்.

என் பரிந்துரை ‘வழித்துணைப் பயணம்’, பேச்சில் சுருக்கமாக ‘வழித்துணை’. நமக்குப் புதிய சொல் இல்லை. வேலூர் பக்கத்தில் விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கே வழித்துணைநாதர் என்றுதான் பெயர், சென்னை–பெங்களூர் சாலையில் அடிக்கடி போகிறவர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். துணை என்றாலே போகிறவர் எப்படியும் போகிறார், இன்னொருவர் சேர்ந்துகொள்கிறார் என்பது வந்துவிடுகிறது, கூலிக்கு வருகிறவரை யாரும் துணை என்று சொல்வதில்லை.

செயலியின் பொத்தான்களில் போட்டுப் பார்த்தேன். ‘வழித்துணை தேடு’, ‘வழித்துணை சேர்’, ‘பெண் வழித்துணை மட்டும்’, எல்லாம் உட்காருகின்றன. ஏறிக்கொள்பவர் வழித்துணையர். அவர் கொடுக்கும் பணத்தைக் கட்டணம் என்று எழுதாமல் ‘செலவுப் பங்கு’ என்றே எழுதலாம், இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும்: பொருளில் வண்டியே இல்லையே, நடந்து போகிறவருக்கும் வழித்துணை உண்டே என்று. சரிதான். சட்ட ஆவணத்துக்கும் அகராதிக்கும் ‘வழித்துணை ஊர்திப் பயணம்’ என்று நீட்டிக்கொள்ளலாம், செயலிக்குள் வந்தவருக்கு வண்டி இருக்கிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. மகிழுந்தா சீருந்தா காரா என்ற பழைய சண்டையும் இதனால் தானாகவே ஒழிகிறது.

ஓட்டுபவருக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘ஓட்டுநர்’ என்றால் தொழிலாக ஓட்டுகிறவர் ஆகிவிடுகிறார், ‘வண்டி உரிமையாளர்’ என்றால் மனைவி பெயரில் வண்டி இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ‘வண்டிக்காரர்’ எனக்குப் பிடித்திருக்கிறது, மாட்டுவண்டி நினைவு வந்தால் வரட்டும். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.